கெட்டியான வண்டி எது?

மோட்டார் வண்டி வாங்கப் போகிறவர்கள் நம்மில் பலர் ஒரு பரீட்சை செய்வதுண்டு. முதலில் கதவைத் திறந்து ஓங்கிச் சாத்திப் பார்ப்பார்கள். பிறகு விரலை மடக்கி முன்புறத் தகட்டைத் தட்டிப் பார்ப்பார்கள். சந்தையில் மண்பானை வாங்குகிறவர் சுண்டிப் பார்ப்பதைப் போன்றதுதான் இது. ஓசை கனமாக எழுந்தால், "வண்டி நல்ல கெட்டி" என்று மனம் நிறைவடையும். தகடு சற்று நெளிந்துவிட்டாலோ, "இது வெறும் டப்பா" என்று முகம் சுளிக்கும். டில்லியில் பழைய வண்டி விலை பேசும்போதும் சரி, ஊரில் புது வண்டிக்கு முன்பணம் கட்டும்போதும் சரி, இந்தப் பரீட்சையை நாம் விடுவதில்லை. கெட்டியான வண்டி நம்மைக் காக்கும் என்ற நம்பிக்கைதான் இதற்குக் காரணம். அந்த நம்பிக்கை சரிதானா என்பதை இன்று சற்று ஆராய்வோம்.

இந்த ஐயம் எங்களுக்கு எழுந்த விதத்தையும் சொல்லிவிடுகிறோம். மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவர்கள் நாங்கள். சாலைப் பாதுகாப்பைப் பற்றிய ஒரு குறிப்பைத் தமிழாக்கும் வேலை ஒரு சமயம் எங்களிடம் வந்தது. மோதல் நேரும்போது வேண்டுமென்றே நசுங்கிப்போகும்படி வண்டியின் முன்பகுதியையும் பின்பகுதியையும் அமைக்கிறார்கள் என்று அதில் கண்டிருந்தது. அந்தப் பகுதிக்குத் தமிழில் என்ன பெயரிடுவது? 'நொறுங்கும் பகுதி' என்றார் ஒருவர். "நொறுங்குவதற்கு அது என்ன அப்பளமா?" என்றார் மற்றொருவர். எங்களில் மூத்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நல்ல வண்டி நசுங்கலாமா? மூலத்திலேயே பிழை இருக்கிறது, திருப்பி அனுப்புங்கள்" என்று தீர்ப்பளித்தார். மூலத்தை மீண்டும் மீண்டும் படித்தோம். பிழை ஒன்றும் இல்லை. பிறகு 'நசுங்கு பகுதி' என்றே எழுதி, கூடவே ஒரு வரி விளக்கமும் சேர்த்தோம். ஆனால் அந்த ஒரு வரியை எழுதுவதற்கு, மோட்டார் வண்டியை உருவாக்கிய அறிஞர்களின் வரலாற்றையே புரட்டிப் பார்க்க வேண்டியதாயிற்று. அதன் சாரத்தைத்தான் உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

ஜெர்மனியில் மான்ஹைம் நகரில் வாழ்ந்த கார்ல் பென்ஸ், பெட்ரோலிய எரிபொருளால் ஓடும் மூன்று சக்கர வண்டிக்கு 1886-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் தேதி காப்புரிமைக்கு விண்ணப்பம் செய்தார். வண்டி ஓடியது, ஆனால் அதை நம்பி ஏற மக்கள் தயங்கினர். 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமலே, இரண்டு புதல்வர்களையும் ஏற்றிக்கொண்டு, தம் தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்கு அந்த வண்டியில் புறப்பட்டார். 100 கிலோமீட்டருக்கும் சற்று அதிகமான தூரம். வழியில் எரிபொருள் தீர்ந்தபோது மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் செருகும் ஊசியால் குத்தி அடைப்பை நீக்கினார். இறக்கங்களில் மரத் தடைக்கட்டை தேய்ந்து பிடிக்காமற்போனபோது, செருப்புத் தைப்பவரிடம் சொல்லி அதன்மேல் தோல் தைத்து ஒட்டச் செய்தார். மேடு ஏறுவதற்கு இன்னொரு பற்சக்கர அமைப்பு தேவை என்பதையும் கணவருக்கு எடுத்துரைத்தார். வண்டியில் ஏறிப் போகிறவரின் கண்ணோட்டத்தில் அதைத் திருத்திய முதல் மனிதர் அந்தப் பெண்மணி என்றே கூறலாம்.

அதன்பின் ஏறத்தாழ 60 ஆண்டுகள் வண்டியின் வேகம் வளர்ந்தது, அழகு வளர்ந்தது, விலையும் குறைந்தது. மோதினால் உள்ளே இருப்பவர் கதி என்ன என்ற கேள்வியை மட்டும் பெரும்பாலோர் எழுப்பவில்லை. விபத்து ஓட்டுநரின் தவறு அல்லது விதியின் விளையாட்டு என்று விட்டுவிட்டனர். கனமான இரும்பில் வண்டி செய்தால் போதும் என்பது பொதுவான எண்ணமாக இருந்தது.

இங்கே சிறிது கணக்குப் பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு சுவரில் மோதுவது, ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து, தரையில் விழுவதற்குச் சமம். வண்டி மிகவும் கெட்டியாக இருந்து, 10 சென்டிமீட்டர் மட்டுமே நசுங்கி நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது வண்டியோடு பிணைந்திருப்பவரின் உடலைத் தாக்கும் விசை அவருடைய எடையைப் போல் ஏறக்குறைய 100 மடங்கு. அதே வண்டியின் முன்பகுதி 60 சென்டிமீட்டர் நசுங்கிக்கொடுத்தால், அந்த விசை 16 மடங்காகக் குறைந்துவிடுகிறது. கட்டட வேலை நடக்குமிடத்தில் இதை நாம் கண்ணாரக் காணலாம். கீழிருந்து வீசப்படும் செங்கல்லைச் சாரத்தில் நிற்கும் தொழிலாளி விறைத்த கையால் பிடிப்பதில்லை. கையைப் பின்னுக்கு இழுத்தபடியே வாங்கிக்கொள்கிறார். கை விறைத்திருந்தால் எலும்பு முறியும். செங்கல்லின் வேகத்தை அவர் சிறிது சிறிதாகக் கரைத்துவிடுகிறார்.

இந்தத் தத்துவத்தை மோட்டார் வண்டிக்குள் கொண்டுவந்தவர் பேலா பாரெனி. 1907-ஆம் ஆண்டு வியன்னாவுக்கு அருகில் பிறந்த இவர், 1939-இல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் தொழிற்சாலையில் சேர்ந்தார். வண்டியை மூன்று பகுதிகளாகப் பிரித்துக் காண வேண்டும் என்பது இவர் கருத்து. நடுவில் மனிதர் அமரும் அறை எதற்கும் அசையாத உறுதியுடன் இருக்கவேண்டும். முன்னும் பின்னும் உள்ள பகுதிகள் மோதலின் வேகத்தை வாங்கிக்கொண்டு நசுங்கவேண்டும். 1951-இல் இதற்குக் காப்புரிமை கோரினார். மறு ஆண்டில் அது வழங்கப்பெற்றது. 1959-இல் இந்த முறையில் முழுமையாக வடிவமைக்கப்பெற்ற மெர்சிடிஸ் கார்கள் விற்பனைக்கு வந்தன. வாழ்நாளில் 2,500-க்கும் மேற்பட்ட காப்புரிமைகளைப் பெற்ற இந்த மேதையின் பெயர், அவரால் உயிர் பிழைத்தவர்களுள் பெரும்பாலோருக்குத் தெரியாது.

ஆனால் வண்டி நசுங்கிக்கொடுத்தால் மட்டும் போதாது. வண்டி நின்றாலும், உள்ளே கட்டுப்படாமல் இருப்பவர் பழைய வேகத்திலேயே பறந்து சென்று கண்ணாடியிலோ முன் இருக்கையிலோ மோதுவார். வண்டி செய்த தியாகத்தின் பயன் அவருக்குக் கிட்ட வேண்டுமானால், அவர் வண்டியோடு பிணைக்கப்பட்டிருக்கவேண்டும். முறையாகப் பிணைக்கப்பட்ட மனித உடல் எவ்வளவு தாங்கும் என்பதைத் தம் உடலிலேயே சோதித்துக் காட்டியவர் ஜான் ஸ்டாப் என்ற அமெரிக்க விமானப்படை மருத்துவர். 1954-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் தேதி, ராக்கெட் பூட்டிய சறுக்கு வண்டியில் மணிக்கு 1,000 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் சென்று, 1.4 வினாடியில் நின்றார். எடையைப் போல் 46 மடங்கு விசையை அவர் உடல் தாங்கியது. கண்களில் இரத்தம் கட்டிச் சிறிது காலம் பார்வை மங்கியதே தவிர, அவர் 89 வயது வரை வாழ்ந்தார்.

ஸ்வீடன் நாட்டு நில்ஸ் போலின் விமானத்திலிருந்து ஓட்டியை வெளியே தூக்கியெறியும் இருக்கைகளை அமைத்தவர். 1958-இல் வோல்வோ கார் நிறுவனத்தில் சேர்ந்த அவர், மறு ஆண்டிலேயே தோளையும் இடுப்பையும் ஒரே பட்டையால் பிணைக்கும் சீட் பெல்ட்டை உருவாக்கினார். ஒரு கையால் இழுத்து ஒரே சொடுக்கில் மாட்டிவிடக்கூடிய எளிமைதான் அதன் பெருமை. எவ்வளவு பாதுகாப்பான சாதனமானாலும் மாட்டுவதற்குச் சிரமமாக இருந்தால் மக்கள் அணியமாட்டார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார். இதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. அந்தக் காப்புரிமையை வைத்துப் பணம் பண்ணாமல், எல்லாக் கார்த் தொழிற்சாலைகளும் பயன்படுத்திக்கொள்ள வோல்வோ நிறுவனம் வழிவிட்டது. இன்று உலகில் எந்த மூலையில் ஓடும் காரிலும் அந்தப் பட்டையைக் காண்பதற்கு இதுவே காரணம்.

காற்றுப்பையின் கதை நம் உள்ளத்தைத் தொடுவது. ஜான் ஹெட்ரிக் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1952-இல் மனைவியுடனும் சிறு மகளுடனும் காரில் சென்றுகொண்டிருந்தார். திடீரென்று எதிர்ப்பட்ட தடையைத் தவிர்க்க வண்டியைத் திருப்பித் தடையை அழுத்தினார். அந்தக் கணத்தில் அவரும் மனைவியும் ஒருசேரக் கையை நீட்டி, நடுவில் அமர்ந்திருந்த மகளை முன்னே விழாமல் மறித்தார்கள். பெற்றோர் நீட்டிய கையின் வேலையை ஒரு பொருள் செய்யக்கூடாதா என்று அன்று அவர் சிந்தித்ததன் விளைவே காற்றுப்பை. 1953-இல் காப்புரிமை கிடைத்தது; ஆனால் அதைச் செய்து விற்க அக்காலத்தில் எவரும் முன்வரவில்லை. காப்புரிமையின் காலம் முடிந்த பிறகே காற்றுப்பை கார்களில் இடம்பெற்றது. ஹெட்ரிக்குக்கு அதனால் வருவாய் ஏதும் கிட்டவில்லை.

இவையெல்லாம் ஏட்டுக் கணக்குகள் என்று யாரேனும் நினைத்தால், 2009-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையை அவர்களுக்குச் சொல்லவேண்டும். 1959-இல் செய்யப்பட்ட கனமான ஷெவர்லே கார் ஒன்றையும், 2009-இல் செய்யப்பட்ட ஷெவர்லே கார் ஒன்றையும், மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்குநேர் மோதவிட்டார்கள். பழைய காரில் மனிதர் அமரும் அறையே சிதைந்தது. ஓட்டுநர் இருக்கையில் இருந்த பொம்மை, உண்மையான மனிதராக இருந்திருந்தால் உயிர் தப்பியிருக்க முடியாது. புதிய காரின் முகப்பு நசுங்கியது, அறை நின்றது. அதிலிருந்தவருக்குக் காலில் சிறு காயம் மட்டுமே ஏற்பட்டிருக்கும். தட்டிப் பார்க்கும் நம் பரீட்சையில் வென்றிருக்கக்கூடியது அந்தப் பழைய கார்தான்!

இந்நாட்டு நகரங்களில் குடியேறிய நமக்கு அம்பாசடர் காரிடம் தனி அன்பு உண்டு. டில்லியில் அமைச்சர்களின் வெள்ளைக் காராகவும், கொல்கத்தாவில் மஞ்சள் டாக்சியாகவும் அது நம் வாழ்வோடு கலந்திருந்தது. உயர்ந்த கூரை, அகன்ற இருக்கை, எந்தச் சிற்றூரிலும் பழுது பார்த்துவிடும் எளிமை ஆகியவற்றில் அது நல்ல வண்டிதான். ஆனால் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடியொற்றிய அதன் வடிவம் 1950-களின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. பாரெனியின் கார் சாலைக்கு வருவதற்கு முற்பட்டது. 2014-இல் கொல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் அதன் உற்பத்தி நின்றது. அதை அன்புடன் நினைவுகூரலாம். பாதுகாப்புக்கு அளவுகோலாகக் கொள்ளலாகாது.

நமக்குக் காரைவிட நெருங்கிய வாகனம் ரயில். அங்கும் இதே பாடந்தான். பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை 1955-இல் ஸ்விட்சர்லாந்து நாட்டு வடிவத்தைக் கொண்டு தொடங்கியது. அந்தப் பெட்டிகள் பல தலைமுறைகளைச் சுமந்தன. ஆனால் கடும் மோதலில் ஒரு பெட்டி மற்றொன்றின்மேல் ஏறுவதும், ஒன்றுக்குள் ஒன்று புகுவதும் பெரும் உயிர்ச்சேதத்துக்குக் காரணமாயின. பெட்டிகளை நடுவில் இறுகப் பூட்டி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாதபடி தடுக்கும் ஜெர்மானிய வடிவம் பின்னர் வந்தது. 2018 முதல் பெரம்பூரில் பழைய வடிவப் பெட்டிகள் செய்யப்படுவதில்லை.

இனி நம் நாட்டுச் சாலைகளுக்கு வருவோம். 2014-இல் இந்தியாவில் விற்கப்பட்ட 5 சிறு கார்களின் அடிப்படை வகைகளை ஒரு பன்னாட்டு அமைப்பு மோதவிட்டுச் சோதித்தபோது, பெரியவர்களின் பாதுகாப்பில் ஒன்றுகூட ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. அந்த அதிர்ச்சி வீண்போகவில்லை. 2017 அக்டோபர் முதல் புதிய வகைக் கார்களுக்கு மோதல் சோதனை கட்டாயமாயிற்று. 2019 ஜூலை முதல் ஓட்டுநருக்குக் காற்றுப்பை கட்டாயம். 2023-இல் நம் நாடே நட்சத்திர மதிப்பீட்டு முறை ஒன்றைத் தொடங்கியது. சென்னையை அடுத்த ஒரகடத்திலும் சோதனைக்கூடம் இருக்கிறது. ஆனால் 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்பது அரசின் கணக்கு. அவர்களில் 16,715 பேர் சீட் பெல்ட் அணியாதிருந்தவர்கள். ஏறத்தாழப் பாதிப்பேர் ஓட்டுநர்கள் அல்லர், உடன் சென்றவர்கள்.

உடன் செல்கிறவர்கள் என்றால் யார்? நாம்தான். எங்கள் அலுவலக நண்பர் ஒருவர் விடுமுறைக்கு ஊர் சென்றார். ரயில் நிலையத்தில் வாடகைக் கார் அமர்த்தினார். குழந்தை வேடிக்கை பார்க்கட்டும் என்று மனைவி அதை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் அமர்ந்தார். பின் இருக்கையில் சீட் பெல்ட்டின் கொக்கியைத் தேடினார் நண்பர். அது அழகான இருக்கை உறையின் அடியில் புதைந்திருந்தது. "பின்னால் வேண்டியதில்லை ஐயா, நம்ம ஊர் தானே" என்றார் ஓட்டுநர். வழியில் ஒரு கன்றுக்குட்டி குறுக்கே ஓடிற்று. மோதல் இல்லை, தடையை அழுத்தியது மட்டுந்தான். தாயின் கையிலிருந்து நழுவிய குழந்தையின் நெற்றியில் நான்கு தையல்கள். "இறுக்கமாகத்தான் பிடித்திருந்தேன்" என்று அந்தத் தாய் இன்றும் சொல்லிச் சொல்லி வருந்துகிறார். அவர் மீது குற்றமில்லை. முன்னே கண்ட கணக்கின்படி, நல்ல வண்டியிலேயே 50 கிலோமீட்டர் வேக மோதலில் 10 கிலோ எடையுள்ள குழந்தை 160 கிலோவாகக் கனக்கும். எந்தத் தாயின் கை அதைத் தாங்கும்? மேலும், முன் இருக்கையில் காற்றுப்பை விரியும் வேகம் மடியிலுள்ள குழந்தைக்கே ஆபத்தாக முடியும்.

சட்டப்படி பின்னிருக்கையில் முன்னோக்கி அமர்ந்திருப்பவர்களும் பெல்ட் அணியவேண்டும். நாமோ, எச்சரிக்கை மணியை அடக்குவதற்கென்றே வெறுங்கொக்கி வாங்கி மாட்டுகிறோம். 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய வணிக நிறுவனங்கள் ஐந்தை, அதை விற்காதீர்கள் என்று ஆணையிட்டு நிறுத்தவேண்டியதாயிற்று. போலின் இலவசமாகத் தந்ததை மறுப்பதற்கு நாம் காசு கொடுக்கிறோம்.

எதிர்காலத்தில் வண்டி எவ்வாறு இருக்கும்? மின்சாரக் காரில் முன்புறம் கனமான எஞ்சின் இல்லாததால், நசுங்கு பகுதிக்கு அதிக இடம் கிடைக்கிறது. ஆனால் தரைக்கு அடியில் பரப்பப்பட்ட கனத்த மின்கலத்தை மோதலிலும் தீயிலும் காக்கவேண்டிய புதிய பொறுப்பு சேர்ந்துள்ளது. கனமான வண்டி எதிரே வரும் இலேசான வண்டிக்கு அதிகத் தீங்கு செய்யும் என்பதையும் வடிவமைப்போர் எண்ணிப் பார்க்கவேண்டும். ரேடாராலும் காமிராவாலும் எதிரில் உள்ளதைக் கண்டு தானே தடையை அழுத்தும் அமைப்பு, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமாகியிருக்கிறது. ஒழுங்கான கோடுகளில் செல்லும் அந்நாட்டுப் போக்குவரத்துக்குப் பழகிய அந்தக் கண், மாட்டையும் மிதிவண்டியையும் ஆட்டோவையும் ஒருங்கே காணும் நம் தெருக்களுக்கும் பழக வேண்டியிருக்கிறது.

மற்றொரு முன்னேற்றம் எளியது, ஆனால் ஆழ்ந்தது. மோதல் சோதனைகளில் நெடுங்காலம் முதன்மையாக இருந்து வந்தது 175 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆண் பொம்மை. பெண்களுக்கென்று இருந்ததோ மிகச் சிறிய உருவம். சராசரிப் பெண்ணின் அளவில், 162 சென்டிமீட்டர் உயரமும் 62 கிலோ எடையும் கொண்ட பொம்மையை ஸ்வீடனில் ஆஸ்ட்ரிட் லிண்டர் என்ற அறிவியலாளரின் குழுவினர் 2022-இல் வெளிக்காட்டினர். பெர்த்தா பென்ஸ் நெடும்பயணம் செய்து 134 ஆண்டுகளுக்குப் பிறகுதான், சராசரிப் பெண்ணின் உடலுக்கும் சோதனைச்சாலையில் இருக்கை கிடைத்தது. நம் நாட்டில் சாலையில் உயிரிழப்போரில் மிகப் பெரும் பகுதியினர் இரு சக்கர வண்டியில் செல்வோர். நசுங்கிக்கொடுக்க அவர்களைச் சுற்றி எந்தத் தகடும் இல்லை; தலைக்கவசம் ஒன்றே உள்ளது. நடந்து செல்வோருக்கு அதுவும் இல்லை. இவர்களுக்காகச் சிந்திக்கும் பாரெனியும் போலினும் இனித் தோன்றவேண்டும். அவர்கள் நம் நாட்டிலேயே தோன்றுவது பொருத்தமாக இருக்கும்.

விட்டுக்கொடுத்தவர் கெட்டுப்போவதில்லை என்பது நம் பழமொழி. அறை உறுதியாக நிற்க, முகப்பு விட்டுக்கொடுக்க, உள்ளிருப்போரைப் பட்டை பிடித்துக்கொள்ள, இம்மூன்றும் சேர்ந்து அமைந்த வண்டியே கெட்டியான வண்டி. முதல் இரண்டையும் பொறியாளர்கள் செய்துவிட்டார்கள். மூன்றாவது நம் கையில் இருக்கிறது. அடுத்த முறை ஊர் சென்று ரயிலை விட்டு இறங்கி வாடகைக் கார் அமர்த்தும்போது, தகட்டைத் தட்டிப் பார்க்கவேண்டாம். இருக்கை உறையைத் தூக்கி, அதன் அடியில் கொக்கி இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தையைப் பின் இருக்கையில், அதற்குரிய இருக்கையில் அமர்த்திப் பிணையுங்கள். ஓட்டுநர், "நம்ம ஊர் தானே" என்பார். ஆம், நம் ஊர்தான். வாசலில் நமக்காகக் காத்திருப்பவர்கள் இருக்கிற ஊர். ஒரு நிமிடம் தாமதமானாலும் பாதகமில்லை என்று அவரிடம் சொல்லுங்கள்.